கம்போடியாவைக் கால வரிசையில் காண்பது எப்படி: புனோம் பென் முதல் அங்கோர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கம்போடியாவுக்குச் செல்பவர்களில் பலர் சியெம் ரீப் நகரில் இறங்கி, மறுநாள் விடியற்காலையில் அங்கோர் வாட்டின் குளக்கரையில் நின்று சூரிய உதயத்தைப் பார்த்து, அன்று மாலைக்குள் பாயோனையும் தா புரோமையும் சுற்றிவிட்டு, அதற்கடுத்த நாள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் கோயில்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். மூன்றாவது கோயிலிலேயே கால்களோடு மனமும் சோர்ந்துவிடும். இந்த வழிகாட்டி வேறொரு முறையை முன்வைக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் செங்கற் கோயில்களில் தொடங்கி, பதின்மூன்றாம் நூற்றாண்டின் முகக் கோபுரங்கள் வரை, கெமர் மக்கள் எந்த வரிசையில் கட்டினார்களோ ஏறக்குறைய அதே வரிசையில் பார்ப்பதே அந்த முறை. இதற்குக் குறைந்தது ஒன்பது நாட்கள் தேவை. பத்து நாட்கள் கிடைத்தால் இன்னும் நல்லது.

முதல் படி: காலமும் ஆயத்தமும்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவாகவும் வெயில் தாங்கும்படியாகவும் இருக்கும். ஆனால் அதுவே கூட்டம் மிகுந்த காலமும் ஆகும். ஏப்ரல் மாத வெப்பத்தில் கற்கோயில்களின் படிகளில் ஏறி இறங்குவது உண்மையிலேயே கடினம். சித்திரைப் புத்தாண்டு நமக்கு வரும் அதே நாட்களில் கெமர் புத்தாண்டும் வருவதால் பேருந்துகளும் விடுதிகளும் அப்போது நிரம்பிவிடும். என் பரிந்துரை நவம்பர் பிற்பகுதி. மழை ஓய்ந்திருக்கும், அகழிகளில் நீர் நிறைந்திருக்கும், தொன்லே சாப் ஏரியும் அதிகம் வற்றியிருக்காது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தேவை. கம்போடிய அரசின் மின்விசாத் தளத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சுற்றுலா விசா 30 நாட்கள் தங்க அனுமதிக்கிறது. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன என்பதால் முகவரியைச் சரிபார்த்த பிறகே பணம் செலுத்துங்கள். விமானத்தில் வருவோர் நிரப்ப வேண்டிய மின்வருகைப் படிவத்துக்குக் கட்டணம் இல்லை. சென்னையிலிருந்து செல்வோர் பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகியவற்றுள் ஒன்றின் வழியாகப் பயணத்தை அமைத்துக்கொள்ளலாம். 2025-ஆம் ஆண்டில் தாய்லாந்துடன் எல்லை மோதல் வெடித்ததிலிருந்து தரைவழி எல்லைகளை நம்பித் திட்டமிடுவது சரியல்ல, விமானத்திலேயே செல்லுங்கள்.

நாட்டின் நாணயம் ரியெல் என்றாலும் அமெரிக்க டாலர் எங்கும் புழங்குகிறது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியெல் என்று கணக்கிடுவார்கள். டாலரில் கொடுத்தால் சில்லறை ரியெலில் வரும். ஓரத்தில் சிறு கிழிசல் உள்ள டாலர் நோட்டைக்கூடக் கடைக்காரர்கள் வாங்க மறுப்பதால், ஊரிலிருந்து எடுத்துச் செல்லும் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள். தோள்களையும் முழங்கால்களையும் மூடும் பருத்தி உடைகள், பிடிப்பான அடிப்பகுதி கொண்ட காலணிகள், தொப்பி, ஒரு சிறு கைவிளக்கு ஆகியவை கட்டாயம் வேண்டும். கைவிளக்கு இருளுக்காக மட்டுமன்று. நண்பகலில் தட்டையாகத் தெரியும் புடைப்புச் சிற்பத்தின்மீது பக்கவாட்டில் ஒளியைச் செலுத்தினால் உருவங்கள் எழுந்து நிற்பதைக் காணலாம்.

இரண்டாம் படி: புனோம் பென்னில் இரண்டு நாட்கள்

தலைநகரில் தொடங்குவதற்குக் காரணம் அங்குள்ள தேசிய அருங்காட்சியகம். செந்நிறச் சுவர்களும் அடுக்குக் கூரைகளும் கொண்ட அந்தக் கட்டடம் 1920-இல் திறக்கப்பட்டது. கெமர் மன்னர்களின் பழைய தலைநகரான அங்கோரில் உள்ள கோயில்களின் கருவறைகள் இன்று பெரும்பாலும் வெறுமையாக உள்ளன. அங்கிருந்த தெய்வ உருவங்களில் எஞ்சியவற்றைக் காண வேண்டிய இடம் இதுதான். முதலில் இங்கே வந்து முகங்களைப் பார்த்துவிட்டால், பின்னர் வெற்றுப் பீடங்களைக் காணும்போது அங்கே என்ன நின்றிருக்கும் என்று உங்களால் எண்ணிப் பார்க்க முடியும்.

இரண்டு சிற்பங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். தலையைச் சற்றே தாழ்த்தி, கண்களை மூடி அமர்ந்திருக்கும் மன்னன் ஏழாம் ஜெயவர்மனின் உருவம் ஒன்று. மற்றொன்று பத்தாம் நூற்றாண்டில் கோ கெர் தலைநகரத்துக் கோயில் ஒன்றில் நின்ற பீமன், துரியோதனன் இணை. கதாயுதப் போருக்குப் பாயத் தயாராக நின்ற அவ்விருவரையும் கொள்ளையர்கள் கணுக்காலோடு அறுத்து நாட்டைவிட்டுக் கடத்தினார்கள். பாதங்கள் மட்டும் பீடத்திலேயே தங்கிவிட்டன. அந்தப் பாதங்களை வைத்தே சிலைகள் எங்கிருந்து போயின என்பது உறுதியாகி, 2014-இல் இரண்டும் அமெரிக்காவிலிருந்து நாடு திரும்பின. பாரதக் கதை தெரிந்த எவருக்கும் அந்தக் கூடத்தை எளிதில் கடந்து செல்ல மனம் வராது.

அருங்காட்சியகத்தை அடுத்தே அரண்மனை வளாகம் உள்ளது. அதில் 5,000-க்கும் மேற்பட்ட வெள்ளி ஓடுகள் பதித்த வெள்ளிப் பகோடாவையும், அதைச் சுற்றியுள்ள மதிலில் நீளமாகத் தீட்டப்பட்ட ரியாம்கேர் ஓவியங்களையும் பாருங்கள். ரியாம்கேர் என்பது கெமர் மக்களின் இராமாயணம்.

இரண்டாம் நாளைத் துவோல் சிலெங்குக்கும் சொயுங் எக்குக்கும் ஒதுக்குங்கள். 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை நீடித்த, கெமர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் ஏறத்தாழ பதினேழு இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கட்டாய உழைப்பாலும் கொலையாலும் மாண்டனர். துவோல் சிலெங் முன்பு ஓர் உயர்நிலைப் பள்ளி. வகுப்பறைகளைச் செங்கற்களால் தடுத்துச் சிறை அறைகளாக்கி, ஆயிரக்கணக்கானோரை அங்கே வதைத்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. கைதிகளின் புகைப்படங்கள் வரிசை வரிசையாக இன்றும் சுவர்களில் உள்ளன. நகருக்கு வெளியே 15 கி.மீ. தொலைவில் உள்ள சொயுங் எக் கொலைக்களத்தில் மண்டையோடுகள் வைக்கப்பட்ட நினைவுத் தூபி எழுந்து நிற்கிறது. 2025 ஜூலையில் இவ்விரு இடங்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஒலி வழிகாட்டியை வாங்கிக்கொண்டு தனியாக, மெதுவாக நடப்பதே இங்கே பொருத்தமான முறை. சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லாதீர்கள். அங்கே நின்று உங்களைப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று உங்களை அழைத்துச் செல்லும் ஓட்டுநரின் குடும்பமும் அந்த நான்கு ஆண்டுகளைக் கடந்தே வந்திருக்கும் என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் துருவாதீர்கள்.

அன்று மாலை வேறெதையும் திட்டமிடாமல் ஆற்றங்கரைக்குச் செல்லுங்கள். மேகோங்கும் தொன்லே சாப்பும் கூடும் அந்தக் கரையில் நகர மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து அமர்ந்திருப்பார்கள்.

மூன்றாம் படி: வடக்கே செல்லும் வழியில் சம்போர் பிரை குக்

புனோம் பென்னிலிருந்து சியெம் ரீப் ஏறத்தாழ 315 கி.மீ. தொலைவில் உள்ளது. பேருந்தில் ஆறு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். ஆனால் நான் வலியுறுத்துவது, இருவர் மூவராகச் சேர்ந்து ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டு, வழியிலுள்ள கம்போங் தோம் நகரத்தில் ஓர் இரவு தங்குவதைத்தான். அங்கிருந்து வடக்கே சுமார் 30 கி.மீ. தொலைவில், காட்டுக்குள், முதலாம் ஈசானவர்மனின் தலைநகரான ஈசானபுரம் இருக்கிறது. 2017-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்தின் இன்றைய பெயர் சம்போர் பிரை குக்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் அது. காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்மப் பல்லவன் குடைவரைகளைச் செதுக்குவித்த அதே காலம். கெமர் எழுத்தும் பல்லவர்களின் எழுத்திலிருந்தே கிளைத்தது. இங்கே எட்டுப்பட்டை வடிவச் செங்கற் கோபுரங்களையும், அவற்றின் வெளிச்சுவரில் செங்கல்லிலேயே செதுக்கிய பறக்கும் மாளிகைகளையும், பிரசாத் தாவோ கோயிலின் வாயிலில் சுருள் பிடரியுடன் நிற்கும் சிங்கங்களையும் காணலாம். ஒரு கோயிலை மரத்தின் வேர்கள் முற்றிலுமாக மூடிவிட்டன. உள்ளே நுழைந்து மேலே நோக்கினால்தான் அது கட்டடம் என்று தெரியும். பயணிகள் மிகக் குறைவாக வரும் இந்த இடத்தில் பறவை ஒலிக்கிடையே இரண்டு மணி நேரம் நடந்த பிறகு, அங்கோரின் தொடக்கம் எங்கே என்ற கேள்விக்கு உங்களுக்கே பாதி விடை கிடைத்திருக்கும்.

அங்கிருந்து கிளம்பும்போது பழைய ஆறாம் நெடுஞ்சாலையில் கம்போங் கதெய் ஊரிலுள்ள கற்பாலத்தில் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். செம்புரைக் கல்லால் இருபதுக்கும் மேற்பட்ட வளைவுகளுடன் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் இருபுறமும் பல தலை நாகங்களே கைப்பிடிச் சுவர்.

நான்காம் படி: அங்கோருக்கான அனுமதிச் சீட்டு

சீட்டு கோயில் வாயில்களில் கிடைக்காது. நகரிலிருந்து கோயில்களுக்குச் செல்லும் வழியில் தனியாக உள்ள விற்பனை மையத்திலோ, அங்கோர் நிறுவனத்தின் இணையதளத்திலோ வாங்க வேண்டும். 2017 முதல் ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாட்களுக்கு 62, ஏழு நாட்களுக்கு 72 என்பது கட்டணம். மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள்ளும், ஏழு நாள் சீட்டை ஒரு மாதத்துக்குள்ளும் விரும்பிய நாட்களில் பயன்படுத்தலாம். தொடர்ச்சியாகச் செல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. வயதைக் காட்டக் கடவுச்சீட்டை எடுத்துச் செல்லுங்கள். பத்து டாலர் வேறுபாட்டுக்கு நான்கு கூடுதல் நாட்கள் கிடைப்பதால், கீழே சொல்லும் திட்டத்துக்கு ஏழு நாள் சீட்டே ஏற்றது. ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது.

கோயில்கள் பொதுவாகக் காலை 7.30 மணி முதல் மாலை 5.30 மணி வரை திறந்திருக்கும். அங்கோர் வாட்டும் ஸ்ரா ஸ்ராங் குளக்கரையும் காலை 5 மணிக்கே திறக்கப்படும். காலையில் மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு, பதினொரு மணிக்கு அறைக்குத் திரும்பி உண்டு உறங்கி, மூன்று மணிக்கு மீண்டும் கிளம்புங்கள். நண்பகலில் பிடிவாதமாகச் சுற்றுபவர்கள் மறுநாள் படுத்துவிடுகிறார்கள். போக்குவரத்துக்கு ரெமோர்க் எனப்படும் மோட்டார் வண்டியை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம். தொலைவான கோயில்களுக்கு மட்டும் கார் நல்லது.

ஐந்தாம் படி: அங்கோரில் நான்கு நாட்கள்

முதல் நாள் காலையில் நகருக்குக் கிழக்கே 13 கி.மீ. தொலைவிலுள்ள ரோலுவோஸ் தொகுதிக்குச் செல்லுங்கள். 879-இல் முதலாம் இந்திரவர்மன் தன் முன்னோர்களுக்காக எடுப்பித்த பிரியா கோ கோயிலின் பெயருக்குப் புனித எருது என்று பொருள். ஆறு செங்கற் கோபுரங்களின் முன்னே நந்திகள் அமர்ந்திருக்கின்றன. இரண்டே ஆண்டுகளில், 881-இல், அதே மன்னன் பக்கோங்கை எழுப்பினான். ஐந்து தளங்களாக உயரும் அந்தக் கல்மலைதான் பின்னால் வந்த எல்லாக் கோயில்மலைகளுக்கும் முன்மாதிரி. மேருமலையைக் கல்லில் எழுப்பி, அதைச் சுற்றிக் கடலாக அகழி வெட்டும் எண்ணத்தை இங்கே முதலில் எளிய வடிவில் பார்த்துவிட்டால், அங்கோர் வாட் புதிராக இராது. மாலையில் 953-ஆம் ஆண்டின் கிழக்கு மேபோனையும், 961-இல் இராஜேந்திரவர்மன் எழுப்பிய பிரே ரூப்பையும் பாருங்கள். கதிரவன் மறைவதைக் காண எல்லோரும் பனோம் பாகெங் குன்றில் ஏறுவார்கள்; அங்கே ஒரு நேரத்தில் 300 பேருக்கே அனுமதி என்பதால் வரிசையில் நிற்பதிலேயே மாலை கழியும். பிரே ரூப்பின் உச்சியிலிருந்து வயல்களின்மேல் ஒளி மங்குவதைப் பார்ப்பது எனக்கு அதைவிட நிறைவளித்தது.

இரண்டாம் நாள் காலை 7.30 மணிக்குப் பந்தியாய் ஸ்ரீயின் வாயிலில் இருங்கள். நகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். 967-இல் திருநிலைப்படுத்தப்பட்ட இந்தச் சிவன் கோயிலை எடுப்பித்தவர் மன்னர் அல்லர். யஜ்ஞவராகர் என்னும் அரசவைப் பெரியவர். இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரச்செதுக்கு போன்ற நுணுக்கம். கோபுரங்கள் ஆளுயரத்தைவிடச் சற்றே பெரியவையாகத் தோன்றும் அளவுக்குச் சிறியவை. ஆகவே சிற்பங்கள் உங்கள் கண்ணுக்கு அருகிலேயே இருக்கும். தெற்கு நூலகக் கட்டடத்தின் ஒரு முகப்பில் இராவணன் கயிலையை அசைக்க, உமை சிவனை ஒட்டிக்கொள்கிறாள். மறுபக்கத்தில் மன்மதன் அம்பு எய்கிறான். வடக்கு நூலகத்தில் காண்டவ வனத்தின்மீது இந்திரன் பொழியும் மழை சாய்கோடுகளாக இறங்குகிறது.

கிழக்கு வாயில் முகப்பில் ஆடும் சிவனைத் தவறவிடாதீர்கள். அவர் காலடியில், ஒரு பக்கத்தில், வற்றிய மார்பும் எலும்பு தெரியும் உடலுமாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். திருவாலங்காட்டில் ஆடும் இறைவனின் அடிக்கீழ் இருக்க வேண்டிய பேய்மகளார் காரைக்காலிலிருந்து கடல் கடந்து, பத்தாம் நூற்றாண்டில் இந்தக் காட்டுக்குள் வந்து அமர்ந்திருப்பதைக் கண்டு நான் வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அங்கிருந்து வடக்கே சென்றால் குலேன் மலைத்தொடரில் கபால் ஸ்பியன் வரும். காட்டுப் பாதையில் 1.5 கி.மீ. ஏற வேண்டும். மேலே ஆற்றின் படுகையிலேயே நூற்றுக்கணக்கான இலிங்கங்களும் பள்ளிகொண்ட திருமாலும் செதுக்கப்பட்டு, நீர் அவற்றின்மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதையைவிட்டு விலகாதீர்கள், நாட்டின் ஒதுக்குப்புறப் பகுதிகளில் போர்க்காலக் கண்ணிவெடிகள் இன்னும் முற்றாக அகற்றப்படவில்லை.

மூன்றாம் நாளே அங்கோர் வாட். சூரிய உதயம் பார்க்க விரும்பினால் 5 மணிக்குச் செல்லுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். இக்கோயில் மேற்கு நோக்கியது; ஆகவே அதன் முகப்பில் ஒளி படுவது பிற்பகலில்தான். இரண்டாம் சூரியவர்மன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருமாலுக்காக இதை எழுப்பினான். அகழியின் அகலம் மட்டும் 190 மீட்டர். இதைத் தமிழ் மன்னன் கட்டினான் என்று நம்மிடையே பரவலாகச் சொல்லப்படுவதை இங்கே மறுத்தாக வேண்டும். சூரியவர்மன் கெமர் மன்னன். கட்டியவர்கள் கெமர் மக்கள். காம்போச மன்னன் நட்பு வேண்டி இராஜேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடுகள் குறிப்பிடுகின்றன. இரு நாடுகளுக்கும் இடையே இருந்த அந்த மெய்யான உறவே நமக்குப் பெருமை தரப் போதுமானது.

சிற்பச் சுற்றுகளைப் பார்க்கும் திசை முக்கியம். மேற்கு வாயிலில் நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பித் தெற்கு நோக்கி நடங்கள். கருவறை உங்கள் இடப்பக்கம் இருக்கும். நாம் கோயில்களில் வலம் வருவதற்கு நேர் எதிரான சுற்று இது. சிற்பங்கள் இந்த வரிசையில்தான் அமைந்துள்ளன. இறந்தோர்க்கான சடங்குகளில் இவ்வாறு சுற்றுவதுண்டு என்பதால் இது மன்னனின் நினைவாலயமாகவும் இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். முதலில் குருக்ஷேத்திரம் வரும்: இடமிருந்து கௌரவர், வலமிருந்து பாண்டவர், அம்புப் படுக்கையில் பீஷ்மர். தெற்கில் சூரியவர்மனின் படை ஊர்வலமும், அடுத்து எமனும் சித்திரகுப்தனும் நீதி வழங்கும் சொர்க்க நரகக் காட்சிகளும். கிழக்கில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைதல்: 92 அசுரர்கள், 88 தேவர்கள், நடுவே திருமால், அடியில் கலங்கித் துண்டாகும் மீன்களும் முதலைகளும். மேற்குச் சுற்றின் வடபகுதியில் இலங்கைப் போரும், அனுமன் தோளில் நின்று அம்பெய்யும் இராமனும். கதை தெரிந்த நமக்கு வழிகாட்டியின் துணை இங்கே பெரிதாகத் தேவைப்படாது. இரண்டு மணி நேரம் மட்டும் தேவை. மேல்தளமான பாக்கானுக்கு ஒரு நேரத்தில் 100 பேரையே விடுவார்கள். பௌத்தப் புனித நாட்களில் அது மூடியிருக்கும். தோள் மறையாத உடையோடு சென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான்காம் நாள் ஏழாம் ஜெயவர்மனுக்குரியது. 1177-இல் இன்றைய வியட்நாமின் நடு, தென் பகுதிகளில் இருந்த சாம்பா நாட்டுப் படை தலைநகரைச் சூறையாடிய பின், 1181-இல் அரியணை ஏறிய இம்மன்னன் பௌத்தன். பக்கத்துக்கு 3 கி.மீ. மதில் கொண்ட அங்கோர் தோம் நகரையும், அதன் நடுவே முகக் கோபுரங்கள் நிறைந்த பாயோனையும் எழுப்பினான். மேலே முகங்களைப் பார்ப்பதற்கு முன் கீழ்ச் சுற்றின் தென்புறச் சுவரைப் பாருங்கள்: படகுப் போருக்கு அடியிலேயே சேவற்சண்டை, சந்தை, அடுப்பில் கொதிக்கும் பானை, பிள்ளைப்பேறு. தேவர்களையே செதுக்கி வந்த கைகள் முதன்முறையாகத் தம் அண்டை வீட்டாரைச் செதுக்கியிருக்கின்றன. அருகிலுள்ள பாபுவோன் கோயிலின் சுமார் 3,00,000 கற்களைப் பிரித்து எண்ணிட்டு அடுக்கிய பிறகு, உள்நாட்டுப் போரில் அந்தக் குறிப்பேடுகள் அழிந்துபோயின. குறிப்பின்றியே கற்களைப் பொருத்தி 2011-இல்தான் பணியை முடித்தார்கள். மாலையில், 1186-இல் மன்னன் தன் தாய்க்காக எழுப்பிய தா புரோமுக்குச் செல்லுங்கள். மரங்கள் விழுங்கிய அந்தக் கோயிலைச் சீரமைக்கும் பணியில் இந்தியத் தொல்லியல் துறையும் பங்குகொண்டது. வேரை அறுத்தால் சுவர் விழும். வேரை விட்டால் அது சுவரைப் பிளக்கும்.

ஆறாம் படி: தொன்லே சாப்

இத்தனை ஆயிரம் தொழிலாளர்களுக்கு உணவளித்தது எது என்று கேட்டால், விடை பெருமளவு இந்த ஏரியில்தான் உள்ளது. மழைக்காலத்தில் மேகோங் பெருக்கெடுக்கும்போது, தொன்லே சாப் ஆறு திசை மாறி ஏரிக்குள் பாய்கிறது; ஏரி பல மடங்கு விரிந்து காட்டையே மூழ்கடிக்கிறது, மீன்கள் அந்த மரங்களிடையே முட்டையிட்டுப் பெருகுகின்றன. நவம்பர் வாக்கில் நீர் மீண்டும் கடலை நோக்கித் திரும்பும்போது தலைநகரில் படகுப் போட்டியுடன் நீர்த் திருவிழா நடக்கும். உயரமான கால்களின்மேல் நிற்கும் வீடுகளைக் காணக் கம்போங் கிளியாங் கிராமத்துக்குச் செல்லுங்கள். நகருக்கு மிக அருகிலுள்ள சொங் கினியாஸ் முழுக்க வணிகமாகிவிட்டது. வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுப்பதும், பள்ளிப் பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்குவதும் வேண்டாம்.

சைவ உணவு உண்போர் ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் நல்லது: ஆஹார் புவோஸ். புலால் விலக்கிய உணவு என்று பொருள்படும். மீன்சாறு பெரும்பாலான காய்கறிக் குழம்புகளிலும் சேர்வதால், தெக் திரெய் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மீன் உண்பவர்கள் வாழை இலையில் தேங்காய்ப்பாலுடன் அவிக்கும் அமோக்கைக் கட்டாயம் சுவைக்க வேண்டும்.

இன்னும் நாட்கள் இருந்தால்

கோ கெர் செல்லுங்கள். 2023-இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தத் தலைநகரத்தில், காட்டுக்கு மேலே 36 மீட்டர் உயரும் படிக்கட்டுக் கோபுரம் நிற்கிறது. அருங்காட்சியகத்தில் கண்ட பீமனும் துரியோதனனும் அங்கிருந்தே போனார்கள். தாங்ரெக் மலையின் விளிம்பில் உள்ள பிரியா விஹியர் ஈடிணையற்ற இடம் என்றாலும், அது எல்லைச் சண்டை நடந்த பகுதி. அமைதி உறுதியாகும் வரை தவிர்த்துவிடுங்கள். கடற்கரை வேண்டுவோருக்குத் தெற்கே 2010-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகு விளையும் கம்போட்டும், நண்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற கெப்பும் உள்ளன.

அவை எதற்கும் நேரமில்லாமல், சீட்டில் ஒரு நாள் மட்டும் மீந்திருந்தால், புதிய கோயிலைத் தேட வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்கு அங்கோர் வாட்டின் மேற்குச் சுற்றுக்குத் திரும்புங்கள். அப்போது வெயில் தூண்களுக்கிடையே சாய்வாக நுழைந்து பீஷ்மரின் அம்புப் படுக்கைமேல் விழும். கைவிளக்கைப் பையிலிருந்து எடுக்க வேண்டியிராது.